காருக்குள் வைத்த ஒப்பாரி

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சரளாவுக்குக் குரல் கட்டிக்கொண்டது. மூடப்பட்ட ரப்பர் தோட்டத்தைப் பற்றிய நாடகம் அது. கடைசிக் காட்சியே அவள் வைக்கும் ஒப்பாரிதான்.

"அதுவும் நல்லாத்தான் இருக்குலா," என்றான் இயக்குநர் ரூபன். "கரகரன்னு, அசல் தோட்டத்துக் குரல்."

புனிதாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கவும் பேசவும் சொல்லித்தரும் பராமரிப்பு வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது குனோங் ராபாட் ஊரில் இந்த நாடகக் குழுவின் நடிகர்களுக்கு மூச்சையும் குரலையும் உடலசைவையும் பழக்குகிறாள். போன குரலை மீட்பது லேசில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"எங்க போயி கத்தின?"

"காருக்குள்ளக்கா," என்றாள் சரளா.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். அதனால் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து செமோரிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏர்கோன் இரைச்சலுக்கு மேல் அழுதிருக்கிறாள். போதாததற்கு, "உங்கம்மாவ நெனச்சுக்குங்க" என்று ரூபன் வேறு சொல்லி வைத்திருந்தான். தொற்றுநோய் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், தூரத்து ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் அம்மா இறந்தபோது சரளாவால் முகம் பார்க்கக்கூடப் போக முடியவில்லை.

"ஆரம்பிச்சா நிப்பாட்ட முடியலக்கா. லாரிக்காரன் ஹார்ன் அடிச்சப்பத்தான் ரோடே தெரிஞ்சுச்சு."

"இப்படியே ஓட்டு. நாங்க நெசமாவே ஒப்பாரி வைக்கிறோம்."

புனிதா அவளை முதலில் கிளினிக்குக்கு அனுப்பினாள். தொண்டை வீங்கியிருக்கிறது, சில நாள் பேசவே கூடாது என்றார் டாக்டர். பிறகு ரூபனிடம் போனாள்.

"அவங்கம்மா இந்த நாடகத்துல இல்ல. இனிமே அந்தப் பேச்ச எடுக்காத."

"உணர்ச்சி வேணுமேக்கா."

"அவளுக்கு மூச்சு வேணும். சாவு வீட்டுல தனியா உக்காந்து ஒப்பாரி வைக்கிற பொம்பளைய எங்கடா பாத்த?"

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் தோள் கோத்து ஆடி அழுவார்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது இன்னொருத்தி வரியை எடுத்துக்கொள்வாள். ரூபனும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனாலும் சரளாவை ஒற்றை வெளிச்சத்தில் தனியே உட்கார வைத்திருந்தான்.

"வட்டம் போட்டா அவங்க மட்டும் எப்படித் தெரிவாங்க?"

"வட்டம் இல்லேன்னா சரளா மேடை ஏறமாட்டா. நானே வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்."

"போஸ்டர் எல்லாம் ஒட்டியாச்சுலா," என்று முனகிக்கொண்டே இறங்கி வந்தான்.

குழுவிலிருந்த ஷர்மினியும் இன்னும் இரண்டு பெண்களும் வட்டத்தில் சேர்ந்தார்கள். பேசாத நாட்களில் சரளா தோள் கோத்து ஆடுவதை மட்டும் பழகினாள். அப்புறம் வாய் மூடி முனகல், அதன் பிறகே பாட்டு. கழுத்து நரம்பு புடைத்தால் புனிதா அங்கேயே நிறுத்தினாள். ஒத்திகை முடிந்ததும் எல்லாரும் மண்டபத்துக் குழாயடியில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். சாவுக்குப் போனால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையாதவர்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"இங்க அழுதத இங்கயே கழுவு," என்றாள் புனிதா, சரளாவிடம். "கார்ல ஏத்தாத."

நாடகத்தன்று, 'என்னப் பெத்தவளே' என்ற இடத்தில் சரளாவின் குரல் ஆடியது. திரைக்குப் பக்கத்தில் நின்ற புனிதா ஓரடி முன்னால் வந்தாள். சரளா குரலை வலிந்து இழுக்கவில்லை. வாயை மூடி மூச்சு வாங்கினாள். ஷர்மினி வரியை எடுத்துக்கொண்டாள். அடுத்த வரிக்குச் சரளா முழுக் குரலோடு திரும்பி வந்தாள்.

முடிந்ததும் ரூபன் கண் சிவந்து குழாயடிப் பக்கம் வந்தான். சரளா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"நீயும் கழுவிட்டுப் போ, தம்பி," என்றாள்.

குரலில் கரகரப்பு இல்லை. புனிதா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.