எட்டு ஜோடி செருப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியாததல்ல. போன செவ்வாய்க்கிழமை அந்த வாய் நாலு பெண்களை ஓர் இருட்டறைக்குள் தள்ளிப் பூட்டியது.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க விருதுநகரிலிருந்து கிளம்பியிருந்தேன். கணவர் வழியில் சொந்தக்காரர் ஒருவர் சாத்தூர் பக்கம் சின்னதாகப் பட்டாசுத் தொழிற்சாலை நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதலில் வந்து நிற்பவர்.

கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. பேச்சுவாக்கில் சொன்னேன்...

"வர்ற வழியில டீக்கடைகிட்ட ஒரு கவர்மென்ட் ஜீப்பு நின்னுச்சு அண்ணாச்சி. ஒரு லேடி ஆபீசர் இந்த ஊருக்குத்தான் வழி கேட்டுக்கிட்டு இருந்தாக."

அவ்வளவுதான். அண்ணாச்சி பத்திரிகையை மேஜையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். "ஏலே! மொத ரூமைப் பாருலே! ஆள வெளிய எடு!" என்று போர்மேனைப் பார்த்துக் கத்தினார்.

ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. பட்டாசுத் தொழிற்சாலையில் அறைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொரு சுவரிலும் பெயின்ட்டில் எழுதியிருக்கும் - 'ஆட்கள் 4'. அதற்கு மேல் ஓர் ஆள் உள்ளே இருக்கக் கூடாது. ஏன் நாலு? ஏதாவது ஆகிவிட்டால் நாலு பேரோடு போகட்டும் என்றுதான். இப்படி யோசித்து எழுதிய சட்டத்தை என்ன சொல்ல? ஆனாலும் அந்த நாலையாவது மதிக்க வேண்டாமா?

சீசன் ஆர்டர். முதல் அறையில் அன்று எட்டுப் பேர்.

நாலு பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள். வேலியைத் தாண்டி அனுப்ப நேரமில்லை, ஜீப் சத்தம் கேட்டுவிட்டது. முடிந்த சரக்கை அடுக்கி வைக்கும் ஸ்டோர் ரூம் பக்கத்திலேயே இருந்தது. போர்மேன் அவர்களை அதற்குள் தள்ளி, வெளியே பூட்டுப் போட்டார். சாவி அவர் சட்டைப் பைக்குப் போனது.

நான் எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, உள்ள பூராம் வெடியால்ல இருக்கு..."

"பத்தே நிமிசம்தாம்மா. நீ பேசாம காப்பியக் குடி."

குடித்தேன். வெட்கக்கேடு... குடித்தேன்.

ஆபீசருக்கு முப்பது வயதிருக்கும். வணக்கத்துக்கு வணக்கம் சொன்னார், காபி வேண்டாம் என்றார், நேராக முதல் அறைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். சுவரைப் படித்தார். உள்ளே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். நாலு. அண்ணாச்சி மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

அப்புறம் அந்தப் பெண் குனிந்து படியைப் பார்த்தார்.

வெடிமருந்து புழங்கும் அறைக்குள் செருப்புக் கால் ஆகாது. எல்லோரும் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். தினமும் வெறுங்காலோடு வேலை செய்து பழகியவர்கள், அதே வெறுங்காலோடு ஓடிவிட்டார்கள்.

"நாலு பேருக்கு எட்டு ஜோடி செருப்பா?"

"பளசு மேடம்," என்றார் போர்மேன். "பிள்ளைக பளசை அங்கன அங்கன போட்டுட்டுப் போயிரும்."

"சரி. நாலு பேரும் வெளிய வாங்க. அவங்கவங்க செருப்பைப் போட்டுக்கிட்டு நில்லுங்க."

நின்றார்கள். படியில் நாலு ஜோடி மிச்சம். அதில் ஒன்று புத்தம் புதுசு. விலை ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை.

உச்சி வெயில். ஜன்னல் இல்லாத அந்த ஸ்டோருக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்கு வியர்த்தது. போர்மேன் கை சட்டைப் பையை விட்டு அகலவில்லை.

"வேற யாராவது இருக்காங்களா?" - ஒவ்வொருவராகக் கேட்டார் ஆபீசர்.

"இல்ல மேடம்." "இல்ல மேடம்." "இல்ல மேடம்."

மூன்று பொய். நாலாவதாக ஒன்று, வாயைத் திறக்காமல் நான் சொன்னது. டீக்கடையில் பார்த்ததை யாரும் கேட்காமலே சொன்ன வாய் இது. இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகள் கல்யாணம், சொந்தம், முன்வரிசையில் நிற்கப்போகிற அண்ணாச்சி... எல்லாம் ஞாபகம் வந்தது. உள்ளே இருந்தவர்கள் அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தார்கள்.

கடைசியாக நின்ற பெண் செல்வி. பெயர் பிறகுதான் தெரியும். குனிந்து அந்தப் புதுச் செருப்பைக் கையில் எடுத்தாள். ஸ்டோர் ரூமைப் பார்த்து நடந்தாள்.

"என் தங்கச்சி செருப்பு மேடம். அவ இதுக்குள்ளதான் இருக்கா. தொறக்கச் சொல்லுங்க."

போர்மேன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் அனலும் மருந்து வாடையும் முகத்தில் அடித்தன. நாலு பேரும் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார்கள். தங்கை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்த வாரம் வேறு யாராவது இதைச் செய்தியாக எழுதியிருப்பார்கள்.

ஆபீசர் எழுதினார், கையெழுத்து வாங்கினார். மறு உத்தரவு வரும்வரை வேலை நிறுத்தம்.

கேட்டில் போனை வாங்கும்போது செல்வியைப் பிடித்தேன். "சீசன் நேரத்துல வேலை போயிருமே தாயி?"

"போனாப் போகுதுக்கா. தரை கொதிக்கி. அவ செருப்பில்லாம எங்கன நடப்பா?" என்றாள். தங்கை கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சட்டத்தை அமலாக்குவது ஜீப்பும் சீலும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். செல்வி மாதிரி ஒருத்தி துணியாவிட்டால் அந்த ஜீப் செருப்பை எண்ணிவிட்டுத் திரும்பியிருக்கும்.

மறுநாள் அண்ணாச்சி போன் செய்தார். அதிகாரிக்குத் தகவல் கொடுத்தது யார் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறாராம். அண்ணாச்சிக்குத் தகவல் கொடுத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன... இதோ, எழுதிவிட்டேன்.