பச்சை மூடி போட்ட டயர்கள்

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நான் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தேன். நான் அடுக்கிய பெட்டிகள்தான் பெரும்பாலும் அவர் லாரியில் ஏறும். இரண்டாயிரத்துச் சொச்சம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம். தீபாவளி சீசன் வேறு.

அப்போதுதான் பங்க்குகளில் டயருக்கு நைட்ரஜன் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சாதாரணக் காற்றைவிட மெதுவாகத்தான் இறங்குமாம், ஈரம் இருக்காதாம். லாரி முதலாளி ஆசைப்பட்டு அடித்துவிட்டார். அடையாளத்துக்கு வால்வில் பச்சை மூடி. அது எங்கள் ஃபோர்மேன் கண்ணில் பட்டுவிட்டது.

“என்னலே இது பச்சையா?”

“நைட்ரஜன், அண்ணாச்சி. ஒரு மாதிரி கேஸ்” என்றார் இவர்.

“கேஸா? கேஸை அடைச்சுக்கிட்டா வெடி லோடு ஏத்த வந்திருக்க? முதல்ல அதை இறக்குலே!”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பழைய விபத்தொன்றில் அவருடைய இடது கை வெந்து சுருங்கிப் போயிருந்தது. கேஸ் என்றாலே அவருக்கு எரிவதுதான். “இது எரியாது அண்ணாச்சி. நாம இழுக்கிற மூச்சுல முக்காவாசி இதுதான்” என்று இவர் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு. லோடு கைவிட்டுப் போய்விடுமே என்று இவரே எல்லாச் சக்கரத்திலும் பாதிக்குமேல் இறக்கிவிட்டார். “போற வழியில நல்ல காத்தா அடைச்சுக்கோ” என்றார் ஃபோர்மேன்.

லாரி போகிற வழியில்தான் காரியாபட்டி. அங்கே அக்கா வீட்டு விசேஷம். நானும் அதே லாரியில் ஏறிக்கொண்டேன்.

முதல் பஞ்சர் கடையில் கரண்ட் இல்லை. காற்றடிக்கும் மோட்டார் ஓடவில்லை. வரும்வரை காத்திருக்கலாம் என்றால், பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்தார். “அடுப்பு எரியுது. வெடி லோடை இங்கன நிப்பாட்டாதீக!” அவர் சொன்னதும் நியாயம்தான். அடுத்த கடையிலும் இதே கதை. விருதுநகரில் ஒரு பங்க்கில் ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் வெடியோடு பெட்ரோல் பங்க்குக்குள் யார் விடுவார்கள்?

ஊர்ந்து போனோம். காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் நசுங்கி நசுங்கி நிமிரும். அந்த நசுங்கலிலேயே சூடு ஏறும். இவருக்கு அது தெரியும். அதனால்தான் அடிக்கடி தலையை வெளியே நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மல்லாங்கிணறு தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. ஆளில்லாத கரிசல் காட்டோரம் நிறுத்திவிட்டுக் குதித்தார். பின்பக்கத்து இரட்டைச் சக்கரத்தின் இடுக்கில் புகை. அதற்கு மேலே, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம், நான் அடுக்கிய பெட்டிகள்.

“நீ ஓடு புள்ள.”

“நீங்க?”

குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரோடு வண்டிக்கடியில் குனிந்துவிட்டார். அது ‘சொய்’ என்று போனது, புகை நிற்கவில்லை.

நான் ஓடினேன். தூரத்தில் இரண்டு பெண்கள் தலையில் குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் ஓடினேன். தண்ணீர் கேட்டதும், “என்ன லோடு?” என்றாள் ஒருத்தி. பொய் சொல்ல வரவில்லை. “வெடி” என்றேன். கேட்டவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்த வழியே ஓடிவிட்டாள். மற்றவள், “எங்கன?” என்றபடி என்னோடு வந்தாள். அந்த இரண்டு குடத்தையும் ஊற்றிய பிறகுதான் புகை ஆவியாகி அடங்கியது. எத்தனை தூரம் நடந்து பிடித்த குடிதண்ணீரோ! நான் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நடந்ததைக் கேட்ட ஃபோர்மேன், “நான்தான் சொன்னேன்ல? மிச்சமிருந்த கேஸு புகைஞ்சிருக்கு” என்றாராம். எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது.

அடுத்த லோடுக்கு லாரி வந்தபோது மறுபடியும் பச்சை மூடி. ஃபோர்மேன் அதைக் கை நீட்டிக் காட்டினார். “அதை இறக்கச் சொல்லு.”

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். “இறக்குங்க அண்ணாச்சி. கேஸை இறக்கினா லோடையும் இறக்கிருங்க. அப்படியே எம் புருசனையும் இறக்கி விட்டுருங்க. பெறகு நீங்க ஏறி ஓட்டிட்டுப் போங்க.”

லோடுமேன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த வெந்த கையால் பச்சை மூடியை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டுப் போனார்.