கண்ணாடித் தகட்டில் அடுக்கி நின்ற அணுக்கள்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலை. மயிலாப்பூரில் மாடியில் இருந்த ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை.

சாந்தோம் கரையில் மீன் விற்கும் ஓர் அக்கா வந்தார். ஆறு மாதமாக முதுகுவலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தசோகையா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். முதுகை மறுநாள் ஒரு வைத்தியரிடம் காட்டி நீவிக்கொள்ளப் போவதாக அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்கள் தனித்தனியாக இல்லாமல், காசு அடுக்கியதுபோல் ஒட்டி நின்றன. தகட்டில் ரத்தத்தை நான்தான் சரியாகத் தேய்க்கவில்லை என்று நினைத்து ரிப்போர்ட்டை முடிக்கப் போனேன். மனசு கேட்கவில்லை. மறுபடி தேய்த்துப் பார்த்தேன். அதே அடுக்கு.

படித்தது நினைவுக்கு வந்தது. நம் உடம்பில் பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் முதிர்ந்து பிளாஸ்மா செல்களாகி, கிருமிக்குத் தகுந்த விதவிதமான எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும். அந்தச் செல்களில் ஒன்று புற்றாகிப் பெருகினால், எதற்கும் உதவாத ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சிவப்பணுக்கள் ஒட்டும். எலும்பும் உள்ளுக்குள் அரித்துப்போகும். அந்த முதுகைப் போய் யாராவது அழுத்தினால்?

டாக்டருக்கு போன் செய்தேன். சீட்டில் இல்லாதது உங்களுக்கு எதற்கு என்று சலித்துக்கொண்டார். நான் விடவில்லை. கடைசியில், புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்தார். அக்காவையும் கூப்பிட்டு, முதுகில் யாரையும் கைவைக்க விடவேண்டாம், இன்னொரு முறை ரத்தம் வேண்டும் என்றேன்.

"இன்னாம்மா, எட்த்தது பத்தலையா? யாவாரம் கீது" என்று முணுமுணுத்தபடியே வந்தார்.

புரதப் பரிசோதனையின் வரைபடத்தில், ஒரே புரதம் குவிந்ததற்கு அடையாளமாக ஊசிபோல் ஒரே ஓர் உச்சி. சந்தேகம் சரிதான். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு அங்கங்கே அரித்திருந்தது. டாக்டரே என்னை அழைத்து, "நல்லவேளை, நீங்க விடலம்மா" என்றார்.

அப்புறம் அரசு மருத்துவமனையில் மாதக்கணக்கில் ஊசி, மாத்திரை, ரத்தத்தை உண்டாக்கும் அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து அவருக்கே ஏற்றிய சிகிச்சை. முடியெல்லாம் கொட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் ஒரு நாள், யாரையும் பிடித்துக்கொள்ளாமல் மாடியேறி வந்து எதிரே நின்றார். தலையில் குட்டைக் குட்டையாகப் புது முடி. புது ரிப்போர்ட்டை நீட்டி, "டாக்டர் சொல்ட்டாரு. ஆனா நீ பாத்துச் சொல்லு, நல்லாத்தான கீது?" என்றார்.

உச்சி இருந்த இடம் சமமாகக் கிடந்தது. "நல்லாயிருக்கு அக்கா" என்றேன். அவர் திரும்பி, காத்திருந்த அத்தனை பேரிடமும் சொன்னார்: "இந்தப் பொண்ணுதான் கண்டுபுட்ச்சது."

இன்றுவரை நோய் திரும்பவில்லை. நான் செய்வது ஏதோ சின்ன வேலை என்று சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.