இருபது மடங்கு சம்பளமும் இரண்டு வயதும்

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நான்காம் மாடியில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டவன் நான். அதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டால், முதலில் ஒரு நல்ல சட்டை என்பேன். பேன்ட் அவசியமில்லை. ஆறு நேர்காணல்களையும் மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி என்ற கோலத்தில்தான் முடித்தேன். கேமரா கொஞ்சம் சரிந்திருந்தால் என் எதிர்காலமும் சேர்ந்து சரிந்திருக்கும்.

அடுத்தது மின்சாரம். எங்கள் தெருவுக்கு அது விருந்தாளி மாதிரி, வந்ததும் கிளம்பிவிடும். அதனால் பழைய கார் பேட்டரி ஒன்றை வாங்கி, பிள்ளையைத் தூக்குவதுபோல் நான்கு மாடியும் தூக்கிவந்தேன். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. நல்லவேளை, நேர்காணலில் உட்கார்ந்துதானே பேச வேண்டும்.

பிறகு ஆங்கிலம். ஆறு மாதம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். என் மனைவி பர்மியத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்தவள். பர்மிய வழக்கப்படி என்னை 'அக்கோ', அதாவது அண்ணா, என்பாள். ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அக்கோ, கண்ணாடிக்கே இவ்ளோ பயப்படுறீங்க. ஆளப் பாத்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

ஆளைப் பார்த்தும் பிழைத்துக்கொண்டேன். வேலை கிடைத்தது. கப்பல் சரக்குகளைக் கணினியில் கண்காணிக்கும் வேலை. பக்கத்துப் பேட்டையான தாமுவேயில் ஒரு போன் கம்பெனியில் கணினி பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வாங்கியதைப்போல் இருபது மடங்கு சம்பளம். இங்கே ஒரு மூட்டை அரிசி வாங்கினால் என் மாதத்தில் பாதி போய்விடும். நான்கு வயது மகளையும் மனைவியையும் என்னைப் பெற்ற அத்தாவையும் எப்படியாவது வெளியே கொண்டுபோக எனக்கு இருந்த ஒரே கதவு அந்த வேலைதான்.

சிங்கப்பூர்க் கம்பெனியில் ஆள் எடுக்கும் அம்மா ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் வேறொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் சான்று அனுப்பவும்.

நான் சிரித்தேன். எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருப்பது, இரண்டு காது இருப்பது மாதிரி. வீட்டுக்கு அரபுப் பெயர், பள்ளிக்கூடத்துக்குப் பர்மியப் பெயர். அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பவன் வீட்டுப் பிள்ளை. படித்துப் பட்டம் வாங்கியவன் பள்ளிப் பிள்ளை. இருவரும் ஒருவரே என்று எழுதித் தருவதற்கென்றே நகரத்துக்குள் நடைபாதையில் குடை விரித்துத் தட்டச்சர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

புதன்கிழமை அங்கே போனேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் என் காகிதங்களைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"பேரு ரெண்டு, சரி. அது எல்லாருக்கும் உள்ளது. பொறந்த வருஷமும் ரெண்டா இருக்கே?" என்று பர்மிய மொழியில் கேட்டார்.

அடையாள அட்டையில் எனக்கு முப்பத்தாறு. பள்ளிச் சான்றிதழில் முப்பத்திநாலு. இத்தனை வருடம் அதைக் கவனிக்காத அறிவாளிக்குத்தான் சிங்கப்பூர்க்காரன் கப்பல்களைக் கண்காணிக்கச் சொன்னான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு வார்டு ஆபீஸ் முத்திரை வேணும். கொண்டுபோனா, எந்த வயசு நெசம்னு கேப்பாங்க. பதினெட்டுலேருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் லிஸ்ட்டு. தெரியும்ல?"

தெரியும். பட்டாளத்துக்குக் கூப்பிடும் பட்டியல் அது. அந்த வயதுக்காரன் வேலைக்கென்று வெளிநாடு போகவும் முடியாது. ஆக, என்னில் பட்டம் வாங்கியவன் போக முடியாது. போகக்கூடியவன் பட்டம் வாங்கவில்லை. இருவரும் ஒரே ஆள் என்று நானே எழுதிக் கொடுத்தால், இருவருமே மாட்டிக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சண்டைக்குப் போனேன். "பள்ளிக்கூடத்துல என் வயச ஏன் கொறச்சீங்க?"

"நீ ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு கட்டிலுக்கு அடியில படுத்துக் கெடந்தே. வயசு மிஞ்சிப்போச்சு, சேக்க முடியாதுன்னாங்க. நான் என்னடா பண்றது?" என்றார். பிறகு, "நான் வேணா போய்ச் சொல்றேன். நான்தான் பொய்யா எழுதிக் குடுத்தேன்னு" என்றார்.

"வேணாம் மாமா," என்றாள் மனைவி. "அவங்களுக்கு எந்த வயசு வேணுமோ அதத்தான் நம்புவாங்க."

வியாழன் காலை, குடும்பக் காரணங்களால் வர இயலவில்லை என்று சிங்கப்பூருக்கு எழுதினேன். உண்மைக் காரணத்தை எழுத முடியாது. வழியில் பட்டாளத்தார் போனை வாங்கிப் பார்க்கும் ஊர். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. சம்பளத்தைக் கூட்டியிருந்தார்கள்! நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். தாமுவே முதலாளியிடம் நான்கு வருடம் கெஞ்சியும் ஏறாதது, ஒரே ஒரு 'மாட்டேன்' சொன்னதில் ஏறிவிட்டது. பெரிய சம்பளத்தின் சூத்திரம் இதுதான் என்று முன்பே தெரிந்திருந்தால், இடுப்பையாவது காப்பாற்றியிருக்கலாம்.

அந்தத் தொகையைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. நேர்காணல் சட்டையைப் போட்டுக்கொண்டு, இந்த முறை பேன்ட்டும் போட்டுக்கொண்டு, காகிதங்களோடு வார்டு அலுவலகத்துக்கு நடந்தேன். வாசலில், பட்டியலில் மகன் பேர் வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் உறைக்குள் மகனின் பள்ளிச் சான்றிதழை வைத்துக்கொண்டு, உள்ளே போய் வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். "பாருங்க, இன்னும் பதினெட்டு ஆகல. இதுலயே போட்டிருக்கு பாருங்க." யாரும் குனிந்து பார்க்கவில்லை. என் கையிலும் அதே மாதிரி ஒரு சான்றிதழ். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். வந்த வழியே திரும்பினேன்.

திரும்பினேனே தவிர, என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு தடவை தொகையைக் கூட்டினால், அந்தப் பெண்களை விலக்கிக்கொண்டு நானே உள்ளே போய்விடுவேன்.

"இன்னொரு வாட்டி மாட்டேன்னு எழுதுனீங்கன்னா மேனேஜர் ஆக்கிருவாங்க, அக்கோ," என்றாள் மனைவி. சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள்.

அவர்கள் மேற்கொண்டு ஏற்ற முடியாதபடி ஒன்று எழுத வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பும் முன் எழுதினேன்: 'நான் அனுப்பிய பட்டச் சான்றிதழ் என்னுடையது அல்ல. மன்னிக்கவும்.'

நான்கு வருடம் மெழுகுவர்த்தி வைத்துப் படித்த பட்டம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மனைவி ஒருமுறை படித்துப் பார்த்தாள். இல்லை என்றாள். அனுப்பினேன்.

அதற்கு அவர்கள் பதில் எழுதவில்லை.