ஜாடியின் அடியில் ஒரு விலாசம்

போன வாரம் மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். முக்கால் பாட்டில் காலி. எதற்கு? ஒரு சீன ஜாடியின் அடியைத் துடைக்க!

எனக்குப் பழைய சீனப் பீங்கான் பைத்தியம் உண்டு என்பது ஊருக்கே தெரிந்ததுதான். விருந்துக்குப் போன வீட்டில் தட்டைக் கவிழ்த்துப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். என்ன செய்வது? பீங்கானின் ஜாதகமே அடியில்தான் இருக்கிறது. விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அடி வளையம் லேசாகச் சொரசொரக்க வேண்டும். நீல மையில் சீன எழுத்தும் இருந்துவிட்டால்... அன்றைக்குச் சோறு இறங்காது.

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ரஹீம் பாயிடம்தான் இந்த ஜாடி கிடைத்தது. வெள்ளையில் நீலப் பூக்கொடி, குடம் அளவு. கவிழ்த்தேன். நான்கு சீன எழுத்துகள்! ஆனால் அவற்றின் மேலேயே சிவப்புப் பெயிண்டில் தமிழில் எழுதியிருந்தது: 'வெ.அரு.சி.'

செட்டிநாட்டில் இதை விலாசம் என்பார்கள். வீட்டு முகவரி அல்ல, குடும்பத்தின் இனிஷியல். சீர் சாமானில், பெண்ணுடைய பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள் — அண்டா முதல் கரண்டி வரை. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். இருந்தும் என்ன செய்தேன்? போட்டோ எடுத்து எங்கள் பீங்கான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சீன எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றார்கள். உட்கார்ந்து துடைத்தேன். பஞ்சு சிவந்தது, விலாசம் போனது.

துடைத்தபின் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, குழுவில் சீனம் படிக்கத் தெரிந்த நண்பர் பதில் போட்டார். "ஏதோ ராஜா பேர்தான். ஆனா பின்னால வந்தவங்களும் அதே பேரை இஷ்டத்துக்குப் போட்டிருக்காங்க. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தத் தமிழ் எழுத்து யாரோடதுன்னு விசாரிங்க." எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பாயிடமிருந்து போன். "சார், பள்ளத்தூர் ஆச்சி ஒருத்தவுக கடைக்கு வந்திருக்காக. உங்க ஜாடி மாதிரியே ஒண்ணத் தேடுறாக. கொஞ்சம் கொண்டாரீகளா?"

துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அது வேறு ஜாடியாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஆச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "என் கல்யாணத்துக்கு அப்பச்சி வச்ச ஜோடி ஜாடி. ஒண்ணு பெரியவளுக்குக் குடுத்தாச்சு. சின்னவளுக்குன்னு வச்சிருந்தது வீட்டை ஒதுங்க வைக்கயில பழைய சாமானோட போயிருச்சு. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். அவ கேக்குறது இது ஒண்ணத்தேன்" என்றார். அப்பச்சி என்றால் அந்தப் பக்கத்தில் அப்பா.

ஜாடியை வாங்கிப் பூவைத் தடவினார். முகம் மலர்ந்தது. பிறகு கவிழ்த்துப் பார்த்தார், என்னைப் போலவே! ஆனால் சீன எழுத்தை அவர் சட்டை செய்யவே இல்லை.

"இது எங்களுது இல்ல. எங்களுதுல அப்பச்சி தன் கையால விலாசம் எழுதியிருப்பாக. இந்தப் பூப் போட்டது ஊருக்குள்ள எத்தனையோ கெடக்கு."

திருப்பிக் கொடுத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

நான் வாயைத் திறக்காவிட்டால் ஜாடி எனக்கே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் திறக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோதுதான் மனசு கேட்கவில்லை. செல்போனில் பழைய போட்டோவைத் தேடி எடுத்து நீட்டினேன்.

"ஆச்சி... இதுவான்னு பாருங்க."

பார்த்தார். பிறகு ஜாடியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இதுல 'சி' நான்தேன். ஏன் அழிச்சீக?"

எந்த ராஜா என்று தேடினேன் என்றா சொல்வது? எங்கள் குழுவில் எந்தச் சூளை, எந்தக் கப்பல் என்று மணிக்கணக்கில் சண்டை போடுவோம். இதில் யார் வீட்டு மாவடு ஊறியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

"தப்புதான், ஆச்சி" என்றேன். வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. பாயிடம் சிவப்புப் பெயிண்ட் கேட்டு வாங்கி, டப்பாவையும் பிரஷையும் என் பக்கம் தள்ளினார்.

"அழிச்சது நீங்கதானே? நீங்களே எழுதுங்க."

போட்டோவைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 'சி' கோணிக்கொண்டது. ஆச்சி வெகுநேரம் பார்த்தார். "அப்பச்சி எழுத்து இல்ல... சரி, ஜாடி அதுதேன்" என்று சொல்லி, காயும்வரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அலமாரி நிறைய இன்னும் பதினேழு இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கிய கையோடு அடிவரை தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன்.

அவற்றில் எதற்கும் என்னிடம் பழைய போட்டோ இல்லை.