கடைசி அத்தியாயத்தை மாற்றிச் சொன்னேன்

செய்யாத தப்புக்கு யாராவது உங்களை மன்னித்திருக்கிறார்களா? என்னை மன்னித்திருக்கிறார்கள். அதுவும் நூலக வாசலில், காராசேவு வைத்த பேப்பர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக. அப்போது நான் பத்தாம் வகுப்பு. இப்போது வேலைக்குப் போகிறேன், என் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன். ஆனாலும் காராசேவு வாசம் மூக்கில் ஏறினால் பல்லைக் கடிக்கிறேன். பழைய கதை, விட்டுத்தள்ளு என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து எட்டி நில்லுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு கிளை நூலகம். சனிக்கிழமை மதியத்தை எங்களைப் போன்ற வளர்ந்தும் வளராத பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார் நூலகர் அக்கா. போனை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். செஸ் உண்டு, வினாடி வினா உண்டு, கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவி அட்டை போடும் வேலையும் உண்டு. எனக்குப் பிடித்தது 'முடிவை மாத்து'. அக்கா ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசிப்பார். கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகு நிஜ முடிவை வாசிப்பார். என் முடிவுகளில் யாராவது யாரையாவது பழிவாங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒருத்தனாவது நல்லபடியா வீடு போய்ச் சேர மாட்டானா என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

அதே சனிக்கிழமைகளில் இன்னொருவரும் வருவார். வாசகர் வட்டத்தின் தலைவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர், இவர் என்று மரியாதையோடுதான் எழுதுகிறேன். என்னை வளர்த்த வளர்ப்பு அப்படி. மேடையில் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறார் என்பது பேச்சு. பேப்பர் படிக்கும் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். நாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும். பிறகு கேட்டுத் திருத்தம் சொல்கிறேன் என்று தன் போனில் பதிவு செய்துகொள்வார். திருத்தம் மட்டும் யாருக்கும் வந்ததில்லை. அந்த அறையில் நாங்கள் சொன்னது எங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் தெரியாது.

என் அம்மா கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குத் தமிழ் நடத்தியவர் இந்த ஐயா. அவர் தெருவில் வந்தால் அம்மா சைக்கிளை விட்டு இறங்கி நிற்பாளாம்; நான் பத்தாவது படிக்கும்போது ஸ்கூட்டியை ஓரம் கட்டி நிறுத்துவாள், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவுக்கு உலகத்தில் பெரிய பாவம் பொய். பரீட்சையில் தோற்றால் மன்னிப்பாள், தட்டை உடைத்தால் மன்னிப்பாள், பொய்க்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

அந்த வருடத்து நூலக விழாவில் எனக்கு மாணவர் உரை கொடுத்தார்கள். ஒரு ஆறு வறண்டுபோன கதையைப் பற்றிய புத்தகம். அந்த ஊரே ஆற்றைப் பார்த்துக் காத்திருந்தது, எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நாங்கள் காத்திருப்பது போல என்று எழுதி வைத்திருந்தேன். அடுப்படியில் அம்மா சப்பாத்தி தேய்க்கத் தேய்க்க, பக்கத்தில் நின்று பேசிப் பேசிப் பழகினேன். சனிக்கிழமை பேப்பர் அறையில் ஐயாவின் போனுக்கும் ஒருமுறை முழுசாகப் பேசிக் காட்டியிருந்தேன். அம்மா வாய் திறந்து பாராட்டவில்லை. ஆனால் விழாவுக்குச் சின்னாளபட்டிச் சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு அதுவே போதும்.

தலைவர் உரைக்கு அடுத்தது என் உரை. தலைவர் மைக்கைப் பிடித்தார். ஆறு வறண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நம்ம புத்தகத்தைத்தான் ஐயாவும் படித்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன், பாருங்கள் என் அறிவை. அப்புறம் குடம் வந்தது. வரிசை வந்தது. "எங்கள் தெருவில்" என்றார். அவர் தெருவில் அவர் வீட்டு மாடியில் போர் தண்ணீர் டேங்கில் நிறைந்து வழிந்துகொண்டிருக்கும்! நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, குரல் தாழ்த்திய இடத்தில் குரல் தாழ்த்தி, கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தார். கைதட்டல். நேரமின்மை காரணமாக மாணவர் உரை அடுத்த முறை இடம்பெறும் என்று அறிவிப்பும் அவரே செய்தார்.

அம்மா கணக்குப் போட்டாள். ஒரு வாரமாக மகள் தன்னுடையது என்று அடுப்படியில் பேசியது, அப்படியே ஐயாவின் வாயிலிருந்து வருகிறது. இரண்டில் ஒருவர் திருடர். அது யார் என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை. வாசலில் எல்லோரும் காராசேவும் டீயுமாக நின்றபோது நேராக அவரிடம் போய்க் கேட்டாள். அவர் என் தலையில் கை வைத்தார்.

"சின்னப்புள்ள தானேம்மா. பயிற்சியில நான் சொல்லிக் காட்டுனத மனப்பாடம் பண்ணி, வீட்ல தன்னுதுன்னு சொல்லியிருக்கும். நான் மன்னிச்சுட்டேன். நீ வையாத."

இல்லம்மா, அது நான் எழுதுனது என்று நான் ஆரம்பிப்பதற்குள், யார்கிட்டப் பேசுற, வாய மூடு என்று அம்மா அடக்கிவிட்டாள். நூலகர் அக்கா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நூலகத்தின் ஃபேன்களில் எல்லாம் ஐயாவின் பெயர்தான் எழுதியிருந்தது. அக்கா டீ கிளாஸ்களை எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிறுத்தினாள். ஃபாதர் முன்னால் முழங்காலிட்டு, அம்மாவிடம் பொய் சொன்னேன் என்றேன். அதுவரை நான் பொய் சொல்லியிருக்கவில்லை. சொன்னது அந்த இடத்தில்தான். பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார் ஃபாதர். சின்னப் பாவத்துக்கு இம்புட்டா என்று நினைக்கும் அளவுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு செபத்துக்கும் நடுவில் அந்த ஐயாவுக்கு ஒரு சாபம் கொடுத்தேன். உன் நாக்கு உன்னையே காட்டிக்கொடுக்கட்டும் என்பதும் அதில் ஒன்று.

அது முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள் அம்மா. கேட்டால்தான் இனி நூலகம். கேட்டேன். நூலகத்துக்காகக் கேட்டேன் என்று பாதி சொல்லலாம். மீதிப் பாதி, அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக. கறுவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? சனிக்கிழமை தவறாமல் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எம்புட்டு நல்ல பிள்ளையா மாறிட்ட என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்.

மறுவருட விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு எழுத்தாளரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய நாவல் நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. ஐயா என்னைக் கூப்பிட்டு, நீ வாசிச்சுட்டு வந்து சொல்லு, உனக்கு இந்தத் தடவ கண்டிப்பா மேடை வாங்கித் தாரேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரையே வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது?

நாவலில் ஒரு பெண் ரயில்வே கேட் ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிப்போன புருஷனுக்காகப் பல வருடம் காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் காத்தது போதும் என்று கடையைப் பூட்டிவிட்டு மகளோடு ரயிலேறிப் போகிறாள். நல்ல முடிவுதான். ஆனால் பேப்பர் அறையில், ஐயாவின் போனில் என் குரல் ஏறிக்கொண்டிருந்தபோது நான் சொன்னது அது இல்லை. நான் 'முடிவை மாத்து' விளையாடினேன்.

கேட் மூடியிருக்கிறது, கார்கள் வரிசையாக நிற்கின்றன என்றேன். ஒரு காரிலிருந்து அந்தப் புருஷன் இறங்கி வந்து டீ கேட்கிறான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது. சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே அவனுக்குப் பிடித்த மாதிரி போட்டுக் கொடுக்கிறாள். ஒரு வாய் குடித்ததும் அவன் நிமிர்ந்து பார்க்கிறான். அவள் கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "கேட் தொறந்துருச்சு, கெளம்புங்க" என்கிறாள். அதோடு நாவல் முடிகிறது என்றேன். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னா முடிவு, என்னா முடிவு என்று சொல்லிக்கொண்டே போனை அணைத்தார். புத்தகத்தை அவர் கேட்கவே இல்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்.

விழா அன்று காலையில் அம்மா சேலை கட்டிக்கொண்டிருந்தாள். கொசுவத்தைப் பிடிக்கக் கீழே உட்கார்ந்தேன். ஐயா இன்றைக்கு மேடையில் என்ன முடிவு சொல்லப்போகிறார் என்று சொல்லட்டுமா என்று கேட்டு, டீ கிளாஸ் முதல் கேட் திறந்தது வரைக்கும் அம்மாவிடம் சொன்னேன்.

"சரி, அப்படித்தானே முடியுது?"

"புத்தகம் மேசையில இருக்கும்மா. கடைசி அத்தியாயத்த நீயே பாரு."

அம்மா புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது மடியில் வைத்துப் படித்தாள். விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தாள்.

ஐயா மைக்கைப் பிடித்தார். எழுத்தாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே, டீ கிளாஸை வாங்கும் இடத்தில் குரல் நடுங்க, கேட் திறந்துவிட்டது, கிளம்புங்கள் என்று முடித்தார். எழுத்தாளர் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஒரு வருடமாக நாற்காலி தூக்கியிருந்தேன்.

எழுத்தாளர் பேசும்போது, ஐயா சொன்ன முடிவு தன் நாவலில் இல்லை என்றார். ஆனால் தான் எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது, எங்கேயிருந்து பிடித்தீர்கள் என்று சிரித்தபடி கேட்டார். ஐயாவின் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. பிறகு கை கூப்பினார்.

"ஏதோ, வாசிக்கும்போது நமக்குத் தோணுனதுங்க."

ஹால் முழுக்கக் கைதட்டல். அடப்பாவி! குழி வெட்டியது நான். அதில் விழுந்துவிட்டு எழுந்து மாலையும் வாங்கிக்கொண்டான் மனுஷன். மரியாதையெல்லாம் அந்த இடத்தில் என்னைவிட்டுப் போய்விட்டது. போன வருடம் என் பேச்சு, இந்த வருடம் என் முடிவு. அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கை தட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் வைத்த விரல் அங்கேயே இருந்தது.

அதே வாசல், அதே காராசேவு. எழுத்தாளர் டீயோடு ஐயாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அது.

"ஐயா, நீங்க சொன்ன முடிவ, அது புத்தகத்துலயே இல்லைங்கிறதையும் சேத்து, எம்மக இன்னைக்குக் காலையிலேயே எனக்குச் சொல்லிட்டா. போன வருசம் நீங்க அவள மன்னிச்சீங்க. இப்ப அவ உங்கள மன்னிக்கிறாளான்னு கேட்டுக்கங்க."

நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எழுத்தாளர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐயா என்னைப் பார்த்து, ஏம்மா என்று ஏதோ இழுத்தார். என் தலையை நோக்கி அவர் கை எழுந்தது.

"மாட்டேன்" என்றேன்.

அந்தக் கை அப்படியே இறங்கியது. வாசகர் வட்டத்துக்கு அவர் அதற்குப் பிறகு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னார்களாம். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. துளிகூட இல்லை.

மறுநாள் டிபன் பாக்ஸில் முட்டை தோசை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. அதுதான் அவள் சமாதானம் பேசும் விதம் என்று எனக்குத் தெரியும். தோசையைத் தின்றேன், சமாதானத்தைத் தொடவில்லை. சனிக்கிழமை மதியம் வந்ததும், அம்மா, அஞ்சு மணிக்கு ஃபாதர் உக்காருவார் என்றேன். நீதான் போன வாரமே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியே என்றாள்.

"எனக்கில்லம்மா. உனக்கு."

அடுப்பை அணைத்தாள். பிறகு கை கழுவிவிட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன், வழியில் மனசு மாறித் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக. அவள் வரிசையில் நின்று, ஃபாதர் முன்னால் முழங்காலிட்டு, எழுந்து வந்து என் பக்கத்தில் பெஞ்சில் முழங்கால் போட்டாள். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை சொல்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் கொடுத்திருந்தார் ஃபாதர்.