வளைகாப்புக்கு வராத அம்மா

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நிறைய பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் பிரசவம். ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பெண் குழந்தை!

ஆனால் இந்த வாரம் பேசப் போவது அம்மாவைப் பற்றி. அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திருமானூரில், மாமியார் வீட்டில் வளைகாப்பு. என்னை அழைத்துப் போக அப்பா வந்தார், சித்தி வந்தாள், தூக்குத் தூக்காகக் கட்டுச்சோறு வந்தது. அம்மா வரவில்லை. "அக்காவுக்கு முட்டிவலி. பஸ் ஏற முடியல" என்று சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பெற்ற பெண்ணுக்கு வளையல் போட வரமுடியாதபடி அப்படி என்ன முட்டிவலி? பஸ்ஸில் வழி நெடுக நான் அப்பாவோடு பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்தால், அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே போனேன். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். ஆறு மாதம்!

பதினாறில் கல்யாணம், பதினேழில் நான். அவளுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. இதில் என்ன அதிசயம்?... என்று இப்போது எழுதுவது சுலபம். அன்று எனக்கு முதலில் தோன்றியது, "ஐயோ, மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால்?" என்பதுதான். வாரா வாரம் உங்களுக்குத் தைரியம் சொல்கிறவளின் லட்சணம் இது!

என் பிரசவத்துக்கு எல்லாம் தயார் செய்திருந்தாள். அப்பாவின் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கியிருந்தாள். வெந்நீர் போட முந்திரி விறகு, வசம்பு, விளக்கெண்ணெய், சுக்கு... எல்லாம் எனக்கு. தனக்கென்று ஒரு துண்டுத் துணி இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. நர்ஸ் என்னைப் பார்க்க வந்தால் இவள் கொல்லைக்குப் போய்விடுவாள்.

"ஏம்மா இப்படிப் பண்றே?"

"மவ மாசமா இருக்கையில நானும் வயித்தத் தள்ளிக்கிட்டு வரிசையில போயி நிக்கவா? மாப்ள மூஞ்சில எப்படிடி முழிப்பேன்? நான் வூட்லயே பெத்துக்கறேன். உன்னைய அப்படித்தான் பெத்தேன்."

ஒரு நாள் காலை, குடத்தை இறக்கி வைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீக்கம். மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. கண் மங்கலாகத் தெரிகிறதாம். அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று பயந்துபோனேன்.

"நீ வரலைன்னா நானும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். ரெண்டு பேரும் வூட்லயே பெத்துப்போம்."

"உனக்கென்னடி தலையெழுத்து?"

"உனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"யாருக்கும்மா சீட்டு?" என்று கேட்டார் நர்ஸ். "ரெண்டு பேருக்கும்" என்றேன். பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். அம்மா திரும்பி நடக்கப் பார்த்தாள். நான் கையை விடவில்லை.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க? இப்படியே விட்டா வலிப்பு வந்துடும். தாயும் தங்காது, புள்ளயும் தங்காது." அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

நாலாம் நாள், அவளுக்கு உப்பில்லாக் கஞ்சி கொண்டுபோன இடத்தில்... எனக்கு வலி எடுத்துவிட்டது! அம்மா கட்டிலை விட்டு இறங்கி வந்துவிட்டாள். "நீங்க பேஷண்ட்டும்மா, போய்ப் படுங்க!" என்று நர்ஸ் கத்தினார். "அவ என் மவங்க" என்றாள் அம்மா, வார்டு முழுக்கக் கேட்கும்படி. குழந்தை அழுகிற வரைக்கும் லேபர் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாளாம்.

மறுநாள் என் வீட்டுக்காரர் இரண்டு பை ஆரஞ்சோடு வந்தார். ஒன்றை என்னிடம் தந்தார். இன்னொன்றை அம்மாவின் கட்டிலில் வைத்து, "நல்லா சாப்பிடுங்க அத்தை" என்றார். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பயந்தோம்?

அம்மாவுக்கு மாத்திரையில் பிரஷர் இறங்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் டாக்டரம்மா வாராவாரம் வரச் சொல்கிறார். அடுத்த மாதம் பிரசவம். எனக்குப் பயம் போகவில்லை.

எப்போது கிளம்புகிறாய் என்று திருமானூரிலிருந்து மாமியார் கடிதம். அம்மாவைப் பெற்றவள் போய்ப் பல வருஷமாகிறது. அதனால் இப்படிப் பதில் எழுதிவிட்டேன்:

"அம்மா பிரசவத்துக்கு என்னிடம் வந்திருக்கிறாள். பார்த்து அனுப்பிவிட்டு வருகிறேன்."